பேராதனைப் பூங்காவில் கருவான வானொலி

பேராதனைத் தாவரவியல் பூங்காவை மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. கண்டி நகரிலிருந்து கம்பளைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வாசலில் இறங்கிவிடலாம். பனை வரிசையையும் பெரிய மூங்கில் புதர்களையும் பார்க்க வருகிறவர்களில் அநேகருக்கு, ஒரு பெரும் போர் இந்த நிழலில் உட்கார்ந்துதான் நடத்தப்பட்டது என்பது தெரியாது. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் டில்லியிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. மரங்களுக்கிடையே கொட்டகைகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான அதிகாரிகளும் எழுத்தர்களும் வந்து குவிந்தார்கள். தளபதி மவுண்ட்பேட்டன் கண்டி நகரில் இருந்த ஆளுநரின் மாளிகையில் தங்கினார். பர்மாக் காடுகளில் யார் எங்கே நகர வேண்டும் என்பது இந்த ஆற்று வளைவுக்குள் முடிவாயிற்று.

அந்தத் தலைமையகத்தின் தேவையிலிருந்து பிறந்த ஒரு வானொலி, பின்னாளில் தமிழ்நாட்டின் டீக்கடைகளுக்கும் கண்டிச்சீமையின் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன் காம்பராக்களுக்கும் சொந்தமானது. அந்தத் தலைமையகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான ‘சியாக்’கைத் தாங்கி, ரேடியோ சியாக் என்ற பெயரில் சிப்பாய்களுக்காகத் தொடங்கி இலங்கை வானொலியாக மாறிய அந்த ஒலிபரப்பின் பயணம் இது. அதன் கதையைக் கொழும்பிலிருந்து சொல்வதுதான் வழக்கம். நான் கண்டியிலிருந்து சொல்கிறேன். அந்த வானொலிக்கு உத்தரவு கண்டியிலிருந்துதான் போனது. அதை மிகவும் தேவையோடு கேட்டவர்களில் கண்டி மலைகளின் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. கடைசிவரை அவர்களுக்கென்று ஒரு குரல் அதில் போதிய அளவு ஒலிக்கவில்லை என்ற மனக்குறையும் எனக்கு உண்டு.

பர்மா முனையில் இருந்த பதினான்காம் படையைப் பிரிட்டிஷ் சிப்பாய்களே ‘மறக்கப்பட்ட படை’ என்று அழைத்தார்கள். ஐரோப்பாவின் வெற்றிச் செய்திகளால் லண்டன் பத்திரிகைகள் நிறைந்துகிடந்தபோது, மழையும் மலேரியாவுமாகக் கிடந்த இவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை. இந்தக் குறையைப் போக்க 1944 ஜனவரியில் ஃபிராங்க் ஓவனை ஆசிரியராகக் கொண்டு ‘சியாக்’ என்ற நாளிதழ் தொடங்கப்பட்டது. ஆனால் பத்திரிகையை விமானத்திலும் கழுதை முதுகிலும்தான் கொண்டுபோக வேண்டும். வானொலிக்கு அந்தத் தொல்லை இல்லை. எதிர்ப்பக்கத்துக்கோ வானொலி ஏற்கெனவே நன்றாகக் கைவந்திருந்தது. ஜப்பானிய நிலையங்கள் ஆங்கிலத்தில் இனிமையாகப் பேசி மனத்தைக் கரைத்தன. சுபாஷ் சந்திரபோஸின் ஆசாத் ஹிந்த் வானொலி தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் பேசியது. அதைக் கேட்டவர்களில் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். இந்தச் சத்தங்களுக்கு நடுவே தன் ஆட்களைச் சென்றடைய, பெரிய குரல் ஒன்று தலைமையகத்துக்குத் தேவைப்பட்டது.

எவ்வளவு பெரிய குரல்? 100 கிலோவாட். அன்றைக்கு உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளிடமே அத்தகைய சிற்றலை ஒலிபரப்பிகள் இருந்தன. அதைக் கண்டியில் நிறுத்த முடியாது. இதற்கான ஏரியல் நாம் வீட்டுக் கூரையில் கட்டும் ஒற்றைக் கம்பி இல்லை. உயரமான கோபுரங்களுக்கிடையே வரிசை வரிசையாகக் கம்பிகளைத் தொங்கவிட்டு, ஒரு திரையே கட்ட வேண்டும். அந்தத் திரை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசைக்கு ஒலி குவிந்து போகும். நாலைந்து திசைக்கு நாலைந்து திரை. ஏக்கர் கணக்கில் சமதரையும், நாலா பக்கமும் மறைக்காத வானமும் வேண்டும். கண்டியோ மலைகளுக்கு நடுவே குழிந்து கிடக்கும் ஊர். ஒலிபரப்பி கொழும்புக்கு வடக்கே, ஜா-எலவை அடுத்த ஏகலையில், தென்னந்தோட்டங்கள் சூழ்ந்த சமவெளிக்குப் போய்ச் சேர்ந்தது. கலையகம் கொழும்பு டரட் வீதியில் ஒரு பங்களாவில் அமைந்தது.

1945-ல் சிறிய ஒலிபரப்பி ஒன்றை வைத்துக்கொண்டு ரேடியோ சியாக் பேசத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சில மாதங்களில் தலைமையகம் கண்டியைக் காலி செய்துகொண்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டது. பேராதனையில் கொட்டகைகளைப் பிரித்தார்கள். 1946-ல் ஏகலையின் 100 கிலோவாட் ஒலிபரப்பி முழுக்குரலில் பேசத் தொடங்கியபோது, அதைக் கேட்டுப் போராட வேண்டிய போரே இல்லை. வீட்டுக்குப் போகக் கப்பல் கிடைக்காமல் பர்மாவிலும் மலாயாவிலும் ஜப்பானிலும் காத்துக்கிடந்த சிப்பாய்கள்தான் இருந்தார்கள். அவர்களுக்கு நேயர் விருப்பமும் நடன இசையும் ஊர்ச் செய்தியும் கொடுத்தது அந்த நிலையம். சீருடையில் வந்து அங்கே ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்த இளைஞர்களில் டேவிட் ஜேக்கப்ஸும் டெஸ்மண்ட் கேரிங்டனும் பின்னர் பிரிட்டிஷ் வானொலியின் பெரும் பெயர்களானார்கள்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இலங்கைக்கு வானொலி பட்டாளத்தோடு வந்ததல்ல. தந்தித் துறைப் பொறியாளரான எட்வர்ட் ஹார்ப்பர், 1923-லேயே கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஓர் அறையிலிருந்து இசைத்தட்டுகளைக் காற்றில் விட்டுப் பார்த்தார். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டு அவர் அந்த ஒலிபரப்பியை உருவாக்கினார் என்பார்கள். 1925 டிசம்பர் 16 அன்று ஆளுநர் ஹியூ கிளிஃபர்ட் முறைப்படி தொடங்கிவைத்த கொழும்பு வானொலி, வெலிக்கடையிலிருந்து மத்திய அலையில் பேசியது. பி.பி.சி. பிறந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. ஆசியாவில் இத்தனை முந்திக்கொண்ட ஊர்கள் மிகச் சில.

ஆனால் அந்த மத்திய அலைக்கும் கண்டிக்கும் ஒத்துப்போகவில்லை. வானொலி அலை எல்லா நிலத்தின் மேலும் ஒரே மாதிரி ஊர்ந்து போவதில்லை. உப்புக் கடல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மத்திய அலை கடல் மேல் போகும்போது அதிகம் களைப்பதில்லை. காடும் கல்லும் மேடும் பள்ளமுமான தரை அதை விழுங்கிவிடும். இந்தக் காரணத்தால்தான் இலங்கையின் மேற்குக் கரையிலிருந்து கிளம்பிய மத்திய அலை, மன்னார் வளைகுடாவைத் தாண்டித் தூத்துக்குடியிலும் ராமநாதபுரத்திலும் பகலிலேயே தெளிவாகக் கேட்டது. கொழும்பிலிருந்து சாலை வழியே 115 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கண்டிக்கோ அது கடுகண்ணாவ ஏற்றத்தைக் கடந்து வரும்போதே மூச்சுவாங்கும். தன் நாட்டு மலைக்கு எட்டாதது அடுத்த நாட்டுக் கரைக்கு எட்டியது. பின்னால் இந்த வானொலிக்கு நடந்த எல்லாவற்றிலும் இந்த இயற்பியல் ஒளிந்திருக்கிறது.

மலைக்கு வழி சிற்றலைதான். சிற்றலை தரையோடு ஊர்வதை நம்பி இல்லை. வானத்தில் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற ஒரு மண்டலம் இருக்கிறது. அதில் மோதித் திரும்பும். சாய்வாக அனுப்பினால் ஆயிரம் மைல் தள்ளி விழும். ஆனால் இடையில் உள்ள ஊர்களைத் தாண்டிக் குதித்துவிடும். ஏகலையிலிருந்து இந்தியாவைப் பார்த்து எறிந்த 25 மீட்டர், 31 மீட்டர் அலைகள் பம்பாயில் பளிச்சென்று கேட்டு, கண்டியில் கரகரத்ததற்குக் காரணம் இதுதான். உள்நாட்டுக்கு வேறு தந்திரம் வேண்டியிருந்தது. 60 மீட்டர் பட்டையில், அதிர்வெண்ணைக் குறைத்து, அலையைக் கிட்டத்தட்ட நேர் மேலே அனுப்பிவிட வேண்டும். அது திரும்பி மழைபோல் கீழே கொட்டும். மலை மறைக்காது, பள்ளத்தாக்கும் விலக்கில்லை. ஹந்தானை மலைக்குப் பின்னால் இருந்தாலும், நக்கிள்ஸ் தொடருக்கு அடியில் இருந்தாலும், சாயங்காலம் ஆனதும் ரேடியோ பேசும்.

1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. 1949-ல் ரேடியோ சியாக்கின் கருவிகள் இலங்கை அரசிடம் கைமாறின. பிரிட்டிஷ் பட்டாளம் தன் தேவைக்காகக் கட்டி, தன் தேவை முடிந்ததும் விட்டுச்சென்ற அந்தச் சொத்து, ஆசியாவின் சின்னஞ்சிறு நாடொன்றுக்கு அதன் உருவத்துக்குப் பொருந்தாத பெரிய தொண்டையைக் கொடுத்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று இலங்கை வானொலி, ரேடியோ சிலோன் என்ற பெயரில் தனித் துறையானது. பி.பி.சி.யிலிருந்து வந்த ஜான் லாம்ப்சன் முதல் தலைமை இயக்குநர். இவ்வளவு பெரிய ஒலிபரப்பியை ஒரு கோடிக்கும் குறைந்த மக்களுக்காக மட்டும் ஓட்டுவதில் அர்த்தமில்லை என்பது எல்லோருக்கும் விளங்கியிருக்க வேண்டும். 1950 செப்டம்பர் 30 அன்று வர்த்தக சேவை ஆரம்பமானது. கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் அதை நடத்தினார். விளம்பரம் இந்தியாவில் வாங்கலாம், பாட்டும் இந்தியாவுக்கே போடலாம். ஏகலையின் கம்பித் திரைகள் வடக்கே பார்த்தன.

வடக்கே என்ன நடந்தது என்பது ஊரறிந்த கதை. 1952-ல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதன் இடத்தைச் சுருக்கினார். கேட்பவர்கள் முள்ளைத் திருப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அமீன் சயானியின் இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சியான பினாக்கா கீத்மாலா தொடங்கியது. பம்பாயில் பதிவாகி, விமானத்தில் கொழும்பு வந்து, ஏகலையிலிருந்து மறுபடியும் இந்தியாவுக்கே போனது. 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலி விவித் பாரதியைத் தொடங்க வேண்டிவந்ததற்கு இந்த ஐந்தாண்டுப் போட்டியே பெரிய காரணம். இந்தி நேயர்களின் இந்தக் கதை நிறையவே எழுதப்பட்டுவிட்டதால் நான் இதோடு நிறுத்துகிறேன்.

தமிழ்ப் பக்கம் வேறு விதமாக வளர்ந்தது. பாட்டை விடப் பேச்சுக்கு மதிப்பு தந்த ஒரு மரபு அங்கே முதலிலேயே வேரூன்றிவிட்டது. சோ. சிவபாதசுந்தரம் லண்டனில் பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பில் பணியாற்றியவர். ‘தமிழோசை’ என்ற பெயரை அதற்குச் சூட்டியவர். கொழும்பில் தமிழ்ப் பகுதியை வளர்த்தெடுத்த அவர், ‘ஒலிபரப்புக் கலை’ என்று ஒரு நூலே எழுதினார். ஒலிவாங்கி முன்னால் எப்படி மூச்சு விடுவது, எழுத்துத் தமிழை எப்படிப் பேச்சுக்கு இறக்குவது என்பதெல்லாம் பயிற்றுவிக்கக்கூடிய தொழில் என்று தமிழில் முதலில் நினைத்தவர்களில் அவர் ஒருவர். வர்த்தக சேவையில் எஸ். பி. மயில்வாகனன் வந்தார். அவருடைய வேகமும் குறும்பும் கலந்த குரலை நம்பித் தமிழ்நாட்டில் கடைக்காரர்கள் நேரம் வைத்துக்கொண்டார்கள். நாடகத்தில் ‘சானா’ சண்முகநாதன். பின்னால் பி. எச். அப்துல் ஹமீது, கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, இரவில் ‘இரவின் மடியில்’ என்று நாளின் இரு முனைகளையும் இவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எழுத்துப் பிசகாத, ழகரம் வழுக்காத அந்தத் தமிழைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை அறிவிப்பாளர்கள் இன்றும் தமிழ்நாட்டு வானொலிகளில் இருக்கிறார்கள். அந்த நிலையம் தமிழுக்குச் செய்த பெரிய காரியம் பாட்டுப் போட்டது இல்லை, பேசிக் காட்டியது என்பதே என் எண்ணம்.

இப்போது கண்டி மலைக்குத் திரும்பலாம்.

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில்தான் இலங்கைத் தேயிலை பிறந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட லூல்கந்துரை, தெல்தோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கலஹா, ஹேவாஹெட்ட, புசல்லாவை, கம்பளை என்று தோட்டங்கள் தொடரும். அங்கே லயங்களில் மின்சாரம் கிடையாது. 1950-களின் வால்வு ரேடியோ தொரை பங்களாவிலும், டீமேக்கர், கிளாக்கர் வீடுகளிலும் இருக்கும். கார் பேட்டரி அளவுக்குக் கனமான மின்கலத்தை வைத்து அதை ஓட்டுவார்கள். லயத்துக்கு ரேடியோ வந்தது டிரான்சிஸ்டரோடுதான். 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த அந்தச் சின்னப் பொருள், 1960-களில் பாட்டுப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொள்ளும் சாமானாக்கிவிட்டது.

அதை வீட்டில் எப்படி வைத்திருந்தார்கள் என்பது இன்றைக்கும் அந்தத் தலைமுறைக்குக் கண்முன் நிற்கும். துளை போட்ட தோலுறை. அதற்கு மேலே, தூசி படாமல், பின்னல் வேலை செய்த ஒரு துணி. பின்பக்கத்திலிருந்து ஒரு செப்புக் கம்பி கிளம்பிக் கூரைத் தகரத்தைத் தொடாமல் வெளியே போய், சவுக்கு மரத்திலோ பலா மரத்திலோ ஏறும். பேட்டரி விலை கைக்கு மீறியது. சம்பளத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கையில் குரல் இறங்கினால், நாலு பேட்டரியையும் கழற்றி வாசல் வெயிலில் வரிசையாக வைப்பார்கள். சூடு பட்டால் உள்ளே இரசாயனம் மீண்டும் சற்று வேகம் பெறும். சாயங்காலம் ஒரு பாட்டு மாத்திரம் கேட்க அது போதும். சிற்றலையில் முள்ளை மயிரிழை தள்ளினால் நிலையம் போய் மாஸ்கோவோ பீக்கிங்கோ வந்துவிடும். ஆகவே சிறுவர்கள் கைவைக்கத் தடை. வீட்டில் ஒருவர்தான் திருகுவார். குரல் ஏறும், இறங்கும், கடல் அலை மாதிரி ஓசை வரும், மறுபடி தெளியும். வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்துக்கு அதிகாலையில் போக வேண்டியவர்கள் இரவில் நீண்ட நேரம் கேட்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையில்தான் கூட்டம். ஒரு லயத்தில் ஒரு ரேடியோ இருந்தால் வரிசை முழுவதும் கேட்கும். சுவர் அவ்வளவு மெல்லியது.

பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியை அந்த மக்கள் ஏன் அப்படி நேசித்தார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவது கடினம். அப்பா, அம்மா, அப்பாயி, அம்மாயி, மாமா, அத்தை என்று உறவு முறைகளோடும், தோட்டத்தின் பெயரோடும் டிவிஷனின் பெயரோடும் அறிவிப்பாளர் வாசிப்பார். தோட்டத் துரையின் செக்ரோல் பதிவேட்டில் நம்பராக மட்டும் இருந்த ஒருவரின் பெயர், நாடு முழுவதும் கேட்கும்படி, மரியாதையாக, முழுசாக ஒலிக்கும். இந்த மக்களின் பெயரை அரசு உச்சரித்த வேறு இடம் அன்று எது இருந்தது? 1948-ன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. வானொலியில் மட்டும் இருந்தது.

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும் என்று இரண்டு அரசாங்கங்கள் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. மலையகத்து ரயில் நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்தப் புகைவண்டியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று மலையகத்தார் பெயரிட்டார்கள். ஏறியவர்களும் அழுதார்கள், வழியனுப்பியவர்களும் அழுதார்கள். தலைமன்னாரில் கப்பல், இராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாம், பிறகு எங்கேயோ. நிறையப் பேர் நீலகிரிக்குப் போனார்கள். தாயகம் திரும்பியோருக்கென்றே தமிழ்நாடு அரசு 1968 முதல் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. தெரிந்த தொழில், தெரிந்த குளிர், தெரியாத ஊர்.

அந்த ஊரிலும் ரேடியோவைத் திருகினால் கண்டியில் கேட்ட அதே குரல் கேட்டது. அதே அறிவிப்பாளர், அதே விளம்பரப் பாட்டு, அதே நேரம். கடிதம் போய்ச்சேர வாரக்கணக்காகும், கப்பல் ஏற பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். அலைக்கு ஒன்றும் வேண்டாம். அக்கா புசல்லாவையிலும் தம்பி கூடலூரிலும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்க ஏகலையால் முடிந்தது. ரேடியோ சியாக்கை வடிவமைத்தவர்கள் ஊரைப் பிரிந்து தவித்த சிப்பாய்களுக்காகத்தான் அவ்வளவு பெரிய கருவியைக் கொண்டுவந்தார்கள். அந்த நோக்கத்தைக் கடைசியில் உண்மையாக அனுபவித்தவர்கள் இந்தத் தொழிலாளர்கள்தான் என்று நான் நம்புகிறேன். 1984-ல் யுத்தத்தால் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோன பிறகும் அந்த ஒலி போய்க்கொண்டிருந்தது.

ஆனால் போன ஒலியில் மலையகத்துப் பேச்சு எவ்வளவு இருந்தது? இங்கேதான் என் மனக்குறை. வானொலி நாடகத்தின் சுவையான யாழ்ப்பாணத் தமிழ், ‘லண்டன் கந்தையா’வின் தமிழ், எல்லோருக்கும் பழகியது. கொழும்புத் தமிழின் பல குரல்கள் ‘கோமாளிகள்’ நாடகத்தில் கலகலத்து, 1976-ல் அது திரைப்படமாகவும் ஆயிற்று. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ வீடுகளை அழவைத்தது. கொழுந்து மலையின் பேச்சோ அங்கே வெகு நாட்கள் விருந்தாளியாகவே இருந்தது. இருந்தும், ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்ற சிறுகதையால் நிலைத்த என். எஸ். எம். இராமையா வானொலி நாடகம் வழியாகத்தான் எழுத்துக்கு வந்தார். ஒரு சின்னக் கதவைத் திறந்ததற்கே அப்படி ஓர் எழுத்தாளர் கிடைத்தார். கதவை அகலத் திறந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

1967 ஜனவரியில் ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமானது. 1972-ல் நாட்டின் பெயர் மாறியதும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று ஆயிற்று. எல்லாம் கொழும்பிலிருந்தே பேசினால் போதாது என்ற எண்ணம் 1979-ல்தான் செயலுக்கு வந்தது. அந்த ஆண்டு அநுராதபுரத்தில் ரஜரட்ட சேவை தொடங்கியது, அடுத்து மாத்தறையில் ருகுண சேவை, பிறகு கண்டியில் கந்துரட்ட சேவை. போர்த் தலைமையகம் போய் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்குப் பிறகே கண்டி தன் வாயால் பேசியது. அந்தச் சேவைகளின் பெரும்பங்கு நேரம் சிங்களத்துக்கே.

கண்டிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் நடந்தது. மகாவலித் திட்டத்தில் அணைகள் எழுந்து கிராமங்கள் இடம்பெயர்ந்தபோது, யுனெஸ்கோவும் டென்மார்க்கும் உதவ 1981-ல் மகாவலி சமூக வானொலி தொடங்கியது. அறிவிப்பாளர் கொழும்பில் உட்கார்ந்து பேசும் வழக்கத்தை அவர்கள் தலைகீழாக்கினார்கள். ஒலிப்பதிவுக் குழு கிராமத்துக்குப் போய்ச் சில நாட்கள் தங்கும். சாப்பாடு அங்கேயே, படுக்கை அங்கேயே. கடைசி நாள் ஊர்க்காரர்களே நிகழ்ச்சி நடத்துவார்கள். அந்த வானொலியின் கிளைகளில் ஒன்று 1989-ல் கொத்மலையில் பண்பலை நிலையமாக முளைத்தது. நீர்த்தேக்கத்தில் தங்கள் கிராமங்களை இழந்தவர்களும், கம்பளை, நாவலப்பிட்டி வட்டாரத்துக்காரர்களும் அதன் நேயர்கள். 1998-ல் யுனெஸ்கோ அங்கே ஓர் இணையத் தொடர்பைக் கொடுத்தது. மருத்துவம், விவசாயம், சட்டம் என்று மக்கள் தபாலில் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் ஒரு வைத்தியரையோ வழக்கறிஞரையோ பக்கத்தில் உட்காரவைத்து, ஒலிபரப்பிலேயே இணையத்தைத் தேடிப் பதில் சொல்வார். இணையம் கேள்விப்பட்டிராத ஒரு விவசாயி அதன் பயனை ரேடியோ வழியாக வாங்கிக்கொண்டார். உலகின் பல நாடுகளில் அந்த முறையைப் பார்த்துச் செய்தார்கள். 100 கிலோவாட் சிற்றலைக்கு முன் அது ஒரு சிறு விளக்குதான். ஆனால் கண்டி மலைகளில் ஒருவர் தன் ஊர்ப் பேச்சில் தன் ஊருக்கே பேசியதை எண்ணினால், ஏகலையைவிட கொத்மலை எனக்கு நெருக்கம்.

1990-களின் கடைசியில் தனியார் தமிழ்ப் பண்பலைகள் வந்தன. சூரியனும் சக்தியும் ஹந்தானை மலையுச்சியிலிருந்து கண்டிக்குள் தெளிவாக இறங்கின. கரகரப்பு இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, பேட்டரியை வெயிலில் வைக்க வேண்டியதில்லை. செப்புக் கம்பிகளை மரத்திலிருந்து கழற்றினார்கள். கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையும் பண்பலைக்கு மாறியது. சிற்றலையைக் கேட்க ஆள் குறைந்தது. பண்பலை மலைக்கு நல்லது, ஆனால் கடலைத் தாண்டாது. கூடலூருக்கும் புசல்லாவைக்கும் ஒரே குரல் கேட்ட காலம் அத்தோடு முடிந்தது.

ஏகலை சிற்றலை நிலையம் 2013-ல் மூடப்பட்டது. மிச்சமிருந்த சிற்றலை ஒலிபரப்புகள் திருகோணமலைக்குப் போயின. அங்கே ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல நிறுவனம் 1980-களில் தன் நேயர்களுக்காகக் கட்டி, பிறகு வேண்டாமென்று விட்டுச்சென்ற ஒலிபரப்பிகள் இருந்தன. ஹார்ப்பரின் முதல் கருவி ஜெர்மானிய நீர்மூழ்கியின் மிச்சம். ரேடியோ சிலோனின் பலம் பிரிட்டிஷ் பட்டாளத்தின் மிச்சம். இப்போதுள்ளது மறுபடியும் ஜெர்மானியரின் மிச்சம். பேராதனைப் பூங்காவில் தலைமையகம் இருந்த இடத்தில் புல் வளர்ந்திருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வருகிறார்கள். கொழும்பு சுதந்திரச் சதுக்கத்தில் கூட்டுத்தாபனத்தின் ஒலிநாடாக் களஞ்சியத்தில் இசைத்தட்டுகளோடு நாடகங்களும் உரைகளும் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றில் மலையகத்துக் குரல்கள் எத்தனை உண்டோ அத்தனையையும் தேடிப் பிரித்தெடுத்து, எண்மப் பதிவாக்கி, கண்டியிலும் கூடலூரிலும் கேட்க வைக்க வேண்டும். நாடா பூஞ்சணம் பிடிக்கும் பொருள்.